பர்சனல் லோன் விற்பவருக்கு என்னைத் தெரிகிறது, புகார் எடுப்பவருக்கு ஏன் தெரியவில்லை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். ஒரே வங்கியில் பதினைந்து வருடமாகச் சம்பளக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். வேளச்சேரி ஃபிளாட்டுக்கு வீட்டுக்கடனும் அங்கேதான். கடனைப் பழைய எம்சிஎல்ஆர் வட்டியிலிருந்து (வங்கி தன் செலவை வைத்துத் தானே போடுவது) ரெப்போ வட்டிக்கு (ரிசர்வ் வங்கியின் வட்டியோடு ஏறி இறங்குவது) மாற்றச் சொல்லி மூன்று தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் பெயர், பிறந்த தேதி, கடன் எண், நடந்த கதை எல்லாம் முதலிலிருந்து. ஆனால் பர்சனல் லோன் விற்கக் கூப்பிடுகிற பெண்ணுக்கு உங்கள் பெயர், கம்பெனி, உத்தேசச் சம்பளம் கூடத் தெரிகிறது. “சிஆர்எம் சிஆர்எம் என்கிறார்களே, அது இதுதானா? அப்படியானால் அது யாருக்காக?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முக்கால்வாசி சர்வீஸ் சென்னையில்தான். கடைசி ஆறு வருடம் சிஆர்எம் புராஜெக்டில் இருந்தேன் (சிஆர்எம் என்பது வாடிக்கையாளர் விவரங்களை எல்லாம் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்), அதனால் உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். நேர் பதில் இதுதான்: லோன் விற்கிற பெண்ணும் சரி, கதை கேட்கிற பெண்ணும் சரி, ஒரே சிஆர்எம்மைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதில் எதற்கு யாருக்கு மார்க் விழுகிறதோ, அது மட்டும் ஒழுங்காகப் பதிவாகும். விற்பனைக்கு மார்க் உண்டு. உங்கள் கதையைக் கேட்டு எழுதி வைப்பதற்கு அநேகமாக ஒன்றும் கிடையாது.

சிஆர்எம்மை ‘வாடிக்கையாளர் உறவு மேலாண்மை’ என்று எழுதினால் பரீட்சைக்கு ஆகும். கிளையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. “சிஆர்எம்ல போட்டாச்சா?” என்பதுதான் பேச்சு. பாடப்புத்தகம் அதை மூன்றாகப் பிரிக்கும்: அன்றாட வேலையை நடத்துவது, தரவை அலசுவது, கிளை, போன், ஆப் எல்லாவற்றையும் இணைப்பது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

இது ஏன் வந்தது என்பது முக்கியம். நான் 1986ல் வேலைக்குச் சேர்ந்தபோது மந்தைவெளிப் பக்கம் ஒரு கிளை. அங்கே ஒரு லெட்ஜர் கிளார்க் இருந்தார். செக் வந்தால் கையெழுத்துக் கார்டை எடுக்காமலே, “இது அவர் போட்டதில்லை, பையன் போட்டது” என்பார். கார்டை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். எந்த மாமிக்கு எந்த வாரம் டெபாசிட் முதிர்கிறது, யார் வீட்டில் தை மாதம் கல்யாணம், எந்த பென்ஷன்காரர் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கத் தாமாக வரமாட்டார், ஆள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் டிரான்ஸ்பர் ஆனபோது அந்த ஞாபகம் முழுவதும் அவரோடு ஆலந்தூர் போய்விட்டது. புதிதாக வந்தவர் நல்லவர்தான், ஆனால் ஒரு வருடம் எல்லோரையும் “பேரு என்ன சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு 1984ல் பரிந்துரை செய்ததை ஒட்டி முதலில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள், பிறகு 2000க்குப் பின் எல்லாக் கிளைகளையும் ஒன்றாக இணைக்கும் கோர் பேங்கிங். அதுவரை நீங்கள் ஒரு கிளையின் வாடிக்கையாளர். கோர் பேங்கிங் வந்த அன்று வங்கியின் வாடிக்கையாளர் ஆகிவிட்டீர்கள். எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம், ஆனால் எந்தக் கிளைக்கும் உங்களைத் தெரியாது. 1994க்குப் பிறகு வந்த புதிய தனியார் வங்கிகளுக்கு இந்தப் பழைய ஞாபகம் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் சிஆர்எம்மை வாங்கினார்கள். லெட்ஜர் கிளார்க்கின் மண்டையில் இருந்ததை ஒரு திரையில் போடுவது, எண்ணம் அவ்வளவுதான்.

எண்ணம் நல்லதுதான். திரையில் என்ன வந்தது என்று பாருங்கள்.

கால் சென்டர் பெண்ணின் திரையை உங்களுக்கு வரைந்து காட்டுகிறேன். வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும், ஆனால் அமைப்பு இதுதான். மேலே இடது மூலையில் உங்கள் பெயரும் சிஐஎஃப் எண்ணும், அதாவது கஸ்டமர் ஐடி. பக்கத்தில் கணக்குகள், இருப்பு. வலது பக்கம் கண்ணில் படுகிற இடத்தில் பச்சைப் பெட்டி: ‘பர்சனல் லோன், முன் ஒப்புதல், இவ்வளவு லட்சம்’. இன்றைய தேதியில் உங்களுக்கு எதை விற்கலாம் என்று கணக்குப் போட்டு அதுவே சொல்கிறது. பழைய சேவைக் கோரிக்கைகள் எங்கே? கீழே, நான்காவது தாவலில் (டேப்). சொடுக்கினால் திறக்கும், ஆனால் திறக்கச் சில நொடி ஆகும். அவளுக்கு ஒரு காலுக்குச் சராசரி இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. அதைத் தாண்டினால் சூபர்வைசர் பார்ப்பார். எனவே அவள் அந்த டேபைத் திறப்பதைவிட உங்களிடமே கேட்டுவிடுவது சீக்கிரம். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடப் பெரிய சங்கதி, கால் முடிகிறபோது அவள் தேர்ந்தெடுக்கிற ஒரு மெனு. உள்ளே அதை கியூஆர்சி என்பார்கள்: க்வெரி, ரிக்வெஸ்ட், கம்ப்ளெயின்ட். நீங்கள் பேசியது வெறும் விசாரணையா, கோரிக்கையா, புகாரா? விசாரணை என்றால் பதில் சொன்னதும் அங்கேயே மூடிவிடலாம். கோரிக்கை என்றால் ஒரு எண் உருவாகும், இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கடிகாரம் ஓடும், தாமதமானால் மேலே போகும். புகார் என்றால் இன்னும் மேலே. ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் போட்ட உத்தரவின்படி வங்கிகள் தங்களுக்கு வந்த புகார்களின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும், அளவுக்கு மீறிய புகார் வந்தால் அதைத் தீர்க்கிற செலவையும் வங்கியிடமே வசூலிக்கலாம். நல்ல உத்தரவு. ஆனால் விளைவைப் பாருங்கள்: எண்ணிக்கை கூடக்கூடாது என்ற அழுத்தம் மேலிருந்து கீழே இறங்கி இறங்கி அந்த மெனுவில் வந்து நிற்கிறது. சந்தேகமாக இருந்தால் ‘விசாரணை’ என்று போடு. ஒன்றும் கெட்டுப்போகாது, யார் ரிப்போர்ட்டும் சிவப்பாகாது.

நீங்கள் மூன்று தடவை போனில் “ரெப்போவுக்கு மாற்றணும், எப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் மூன்றும் விசாரணையாகப் பதிவாகி அன்றன்றே மூடப்பட்டிருக்கும். உங்கள் கணக்கில் மூன்று தடவை அலைந்தாயிற்று. வங்கியின் கணக்கில் மூன்று வாடிக்கையாளர் கேள்விகளுக்குத் திருப்தியான பதில்!

விற்பனைப் பக்கத்துக்கு வருவோம். அங்கே நடப்பது தலைகீழ். உங்கள் சம்பளம் எந்தத் தேதி விழுகிறது, எவ்வளவு, இஎம்ஐ போக என்ன மிஞ்சுகிறது என்பதை எல்லாம் அலசி, லோன் வாங்க வாய்ப்புள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் எடுப்பார்கள். அதில் ஒரு வரிக்கு லீட் என்று பெயர். ஒவ்வொரு லீடுக்கும் கெடு உண்டு. கூப்பிட்டவர் ‘வேண்டாம்’, ‘பிறகு கூப்பிடு’, ‘எடுக்கவில்லை’ என்று ஏதாவது ஒன்றைக் கட்டாயம் பதிய வேண்டும். பதியாவிட்டால் அன்றைய டார்கெட்டில் சேராது. எனவே அந்தப் பக்கத்தில் உங்களைப் பற்றிய பதிவு எப்போதும் புத்தம் புதிதாக இருக்கும். கூப்பிடுகிறவர் பல நேரம் வங்கி ஊழியரே அல்ல, ஏஜென்சி ஆள். அவருக்கு உங்கள் பெயர், நம்பர், தகுதித் தொகை மட்டும்தான் வரும். “முதலில் என் வட்டியை மாற்றுங்கம்மா” என்று நீங்கள் அவரிடம் சொன்னால், அதைப் பதிய அவர் திரையில் இடமே இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்த வங்கி என்று வேண்டாம். லீட் பட்டியல் மாதம் ஒருமுறை 25ஆம் தேதி எடுப்பது அப்போது வழக்கம். ஒரு அம்மா, கணவர் இறந்து மூன்று வாரம். கிளைக்கு வந்து இறப்புச் சான்றிதழ் கொடுத்து, சேமிப்புக் கணக்கை முடித்து, நாமினி என்ற முறையில் பணத்தையும் வாங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் அதே வங்கியிலிருந்து போன்: “சார் இருக்காங்களா மேடம்? சாருக்கு ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் ஆஃபர்.” அந்த அம்மா கத்தவில்லை. மறுநாள் கிளைக்கு வந்து, எங்கள் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, “தம்பி, சர்டிபிகேட்டை வாங்கிக்கிட்டு நீங்கதானே சீல் வெச்சுக் குடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார். மேனேஜருக்கு வாயே வரவில்லை.

காரணத்தைத் தேடினோம். பட்டியல் எடுத்தபிறகு இறப்பு பதிவானது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, தேதி சரியாகவே இருந்தது. அவருக்கு இரண்டு கஸ்டமர் ஐடி! சேமிப்புக் கணக்கு ஒன்றில், பழைய ஃபிக்சட் டெபாசிட் இன்னொன்றில். ஒன்றில் இறந்துவிட்டார், மற்றதில் உயிரோடு இருந்தார்.

இந்த இரட்டை ஐடிதான் நம் ஊர் சிஆர்எம்மின் தீராத வியாதி. சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து வருவார்கள். நம்மிடம் இருப்பது இனிஷியல். எஸ். ராமநாதன் ஒரு கணக்கில், ராமநாதன் எஸ் இன்னொன்றில், பான் கார்டில் அப்பா பெயரை விரித்து ராமநாதன் சுப்பையா. மூன்றும் ஒரே ஆள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு சுப்பையா என்பது குடும்பப் பெயர், எஸ் என்பது தட்டச்சுப் பிழை. அதன்மேல் ழகரம் வேறு. தமிழ்ச்செல்வியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், மூன்றாமவர் முதலெழுத்தில் டி-க்குப் பிறகு ஒரு எச் சேர்ப்பார். ஒரே பெண்மணி ஐந்து விதமாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, விலாசத்தை வைத்துச் சேர்க்கலாம் என்று ஒரு கன்சல்டன்ட் தம்பி உற்சாகமாகச் சொன்னான். வெளியூர்க்காரன். சென்னையில் ஒரு வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவெண் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. பழைய எண் 14, புதிய எண் 31. ஒருவர் 14 என்று கொடுப்பார், அவர் மனைவி 31 என்று கொடுப்பார், மகன் 31 பை 14 என்று எழுதுவான். எதிர் வரிசையில் இன்னொருவருக்குப் பழைய எண்ணே 31. அவன் ஓட்டிய முதல் ரிப்போர்ட்டில் ஒரு கணவனும் மனைவியும் வேறு வேறு வீட்டில் இருந்தார்கள், சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் இருந்தன. நாங்கள் அன்றைக்கு ரொம்பச் சிரித்தோம், அப்புறம் ஒன்றரை வருடம் உட்கார்ந்து பான், ஆதார், மொபைல் எண், பிறந்த தேதி நான்கையும் வைத்துக் கையால் சரிபார்த்தோம். சிஆர்எம்முக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை இந்த அழுக்கெடுக்கும் வேலைக்கு ஒதுக்காத வங்கி, மிச்சப் பணத்தையும் வீணடிக்கிறது என்பது என் கட்சி. ஆனால் இதற்கு ரிப்பன் வெட்டுகிற விழா கிடையாது, அதனால் யாரும் செய்வதில்லை.

ஒரேயடியாகத் திட்டவும் கூடாது. நன்றாக வேலை செய்ததையும் பார்த்திருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர், எங்களிடம் கரன்ட் அக்கவுன்ட். கணக்கை மூடவில்லை, புகாரும் சொல்லவில்லை. ஆனால் மாதா மாதம் வரவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மனிதக் கண்ணுக்குப் படாது. சிஆர்எம் நான்காவது மாதம் ஒரு எச்சரிக்கை போட்டது: இந்த வாடிக்கையாளர் நழுவுகிறார். கிளையிலிருந்து ஒரு ஆபீசர் போய்ப் பார்த்தார். ஓடி லிமிட்டை (ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் எடுக்க அனுமதித்த தொகை) புதுப்பிக்க மூன்று மாதம் இழுத்தடித்திருக்கிறோம். அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் வரவை எல்லாம் பக்கத்து வங்கிக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். “கேட்டுக் கேட்டு வெறுத்துட்டேன் சார், நீங்க வருவீங்கன்னு நெனக்கல” என்றாராம். அந்த வாரமே லிமிட் புதுப்பித்தோம். கரன்ட் அக்கவுன்ட் பணத்துக்கு வங்கி வட்டி கொடுப்பதில்லை, அதனால் அப்படி ஒருவரைப் பிடித்து வைப்பது பத்து பேருக்குப் பாலிசி விற்பதைவிட லாபம். இந்தக் கணக்கு மேலிடத்துக்கும் தெரியும். ஆனால் விற்ற பாலிசியை அன்று மாலையே ரிப்போர்ட்டில் காட்டலாம். போகாமல் நின்ற வாடிக்கையாளரை எந்தக் கட்டத்தில் காட்டுவது?

டார்கெட் மட்டுமே சிஆர்எம் ஆகிவிட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கதை இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு புராடக்ட் என்று இலக்கு வைத்தார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்து தள்ளினார்கள். 2016ல் விஷயம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 பேருக்கு வேலை போனது. அடுத்த ஆண்டு எண்ணிப் பார்த்ததில் அனுமதி இல்லாமல் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை வந்தன. நம் ஊரில் லாக்கர் கேட்டால் பாலிசி எடுக்கச் சொல்வது அதே செடியில் பூத்த சின்னப் பூ. ரிசர்வ் வங்கி 2014ல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில் ஐந்து உரிமைகள் இருக்கின்றன. அதில் ஒன்று, உங்களுக்குப் பொருந்துவதை மட்டும்தான் உங்களிடம் விற்க வேண்டும் என்பது. கிளையில் கேட்டால் காட்டுவார்கள், முதலில் கொஞ்சம் விழித்துவிட்டு.

இனி உங்கள் காரியம்.

முதலில் உங்களுக்கு எத்தனை கஸ்டமர் ஐடி என்று பாருங்கள். சம்பளக் கணக்கின் பாஸ்புக்கில் ஒரு எண் இருக்கும், வீட்டுக்கடன் ஸ்டேட்மென்டிலும் இருக்கும். இரண்டும் வேறு என்றால் பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்தது. பான், ஆதார் நகலோடு ஹோம் பிராஞ்சில் இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆப்பில் வீட்டுக்கடன் தெரியாமல் இருந்தாலும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது வட்டி. 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன் எல்லாம் ரெப்போ மாதிரியான வெளி அளவுகோலோடு இணைந்தே இருக்க வேண்டும். பழைய எம்சிஎல்ஆர் கடன்காரர், அபராதம் இல்லாமல் முன்கூட்டியே கடனை அடைக்கும் தகுதி உள்ளவர் என்றால், மாறிக்கொள்ளலாம். நியாயமான நிர்வாக, சட்டச் செலவு தவிர வேறு கட்டணம் வாங்கக்கூடாது. இது ரிசர்வ் வங்கி உத்தரவிலேயே இருக்கிறது. எனவே “மாற்ற முடியுமா?” என்று கேட்காதீர்கள். “மாற்ற விண்ணப்பிக்கிறேன்” என்று எழுதுங்கள். போன் வேண்டாம், கிளைக்குக் கடிதம், அதன் நகல் மின்னஞ்சலில். மேஜையில் இருப்பவரிடம், “சர்வீஸ் ரிக்வெஸ்டாப் போட்டு நம்பர் குடுங்க” என்று கேளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளே விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்துகொள்வார்கள். நம்பர் இல்லாவிட்டால் நகலில் சீலும் தேதியும்.

சொன்ன கெடு தாண்டினால் அதே நம்பரைக் குறிப்பிட்டு, இந்தத் தடவை ‘புகார்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டு எழுதுங்கள். “உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது” என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். தீராமலே வரும். அன்றைக்கே “தீரவில்லை, மறுபடி திறக்கவும்” என்று பதில் போட்டு அதையும் வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். 2021 நவம்பரிலிருந்து எல்லாம் ஒரே திட்டம், சிஎம்எஸ் என்ற அவர்கள் இணையதளத்திலேயே பதியலாம், காசு கிடையாது. சந்தேகத்துக்கு 14448. வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுக்காமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

லோன் விற்கிற போன்களுக்கு: விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும், வங்கியின் சேவை அழைப்பு 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்து. சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து “பேங்க்லேர்ந்து பேசறேன்” என்றால் பேச்சை வளர்க்க வேண்டாம், ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள். வங்கியின் ஆப்பில் விளம்பர ஒப்புதல் என்று ஒரு இடம் இருக்கும், கணக்குத் தொடங்கிய நாளில் யாரோ உங்களுக்காக டிக் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909க்கும் பதிந்துவிட்டால் பெரும்பாலும் குறையும். முழுதும் நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே போன வாரம் ஒருத்தர் கூப்பிட்டு, “சார், உங்க சாலரி அக்கவுன்டுக்கு ஒரு ஆஃபர் இருக்கு” என்றார். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது.